மூன்று மொழிகளில் இல்லை

அவரிடம் யாரும் கேள்வி கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்தவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லித்தான் பார்த்திருக்கிறேன்.

பால்காரர் என் வாசலில் வண்டியை நிறுத்தி, நாளைக்கு எத்தனை பாக்கெட் என்று என்னிடம் கேட்பார். எதிர்ப்புறம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருக்கும் அவர், தலையைத் தூக்காமலே, "அதே ரெண்டுதாம்பா" என்பார். என் மகனிடம் யாராவது பெயர் கேட்டால், அவன் வெட்கப்பட்டு நெளிந்து வாய் திறப்பதற்குள் பெயரும் வகுப்பும் அவர் வாயிலிருந்து வந்துவிடும். முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது எதிர்ப்பக்கம் அவர் குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். என் மகன் உயிரோடு இருப்பானா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற ஒரு கேள்விக்கும் அவர் அப்படித்தான், தலையைத் தூக்காமல், பதில் சொன்னார்.

ஓசூரில், பாகலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு வீடுகள். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. ஊருக்குள் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. நர்ஸ் இல்லை. ஆபரேஷனுக்கு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசி, பயத்தைப் போக்கி, இன்சூரன்ஸ் காகிதங்களை நகர்த்தி, தியேட்டர் வாசல்வரை கொண்டுபோய் விடுவதுதான் வேலை. எல்லோரும் கவுன்சிலிங் அக்கா என்றார்கள். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வருவார்கள். பாகலூரிலிருந்து கன்னடம் பேசிக்கொண்டு வருவார்கள். டாக்டர்களில் பாதிப் பேர் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து காரில் வந்து, வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறவர்கள். அவர்களுக்குத் தமிழ் தடுமாறும். நடுவில் அக்கா நிற்பார். டாக்டர் கேட்பதை நோயாளிக்குச் சொல்லி, நோயாளி சொல்வதை டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நாலு கேள்வியில் மூன்றை அவர் நோயாளிக்குச் சொல்லவே மாட்டார். கேட்டவுடனே தானே முடித்துவிடுவார். தமிழ் டாக்டரிடம் "இல்ல சார்." கன்னட டாக்டரிடம் "ஏனூ இல்லா சார்." தெலுங்கு டாக்டரிடம் "ஏமீ லேது சார்." சளி இல்லை, சர்க்கரை இல்லை, காலையில் டீ குடிக்கவில்லை. கட்டிலில் படுத்திருப்பவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை அவர் மறைத்ததில்லை. பெருமையாகவே சொல்வார். உள்ளதையெல்லாம் சொன்னால் டாக்டர் பயந்துகொண்டு தேதியைத் தள்ளிவைப்பார், தேதி தள்ளிப்போனால் கம்பெனிக்காரனுக்கு மறுபடி லீவு கிடைக்காது, அவன் வலியோடு ஷிப்டுக்குப் போவான், அதற்கு ஒரு 'இல்லை' மேல் என்பது அவர் கட்சி. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு அந்த வீடு கிடைத்ததும் அவர் சொன்ன பதில்களால்தான். வீட்டுக்காரர் தெலுங்கில் என்னென்னவோ கேட்க, யாரென்றே தெரியாத எங்களுக்காக எதிர்வீட்டிலிருந்து வந்து நின்று இவரே மளமளவென்று பதில் சொன்னார். சாவி கைக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து நான் கருவாடு வறுத்த அன்று வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். நாங்கள் மீன் வாடையே ஆகாத குடும்பம் என்றும், லேத் ஓட்டுகிற என் கணவர் சூப்பர்வைசர் என்றும் அக்கா அன்றைக்குச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கருவாடு தின்ன ஆசை வந்தால் பாரூருக்கு, என் அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றுண்டு. பிள்ளைகளைப் பார்த்தால் பெருவிரலை நாக்கில் ஒற்றி, அந்த ஈரத்தால் அவர்கள் புருவத்தை நீவிவிடுவார். கன்னத்தில் சோற்றுப் பருக்கை காய்ந்திருந்தால் அதையும் எச்சில் தொட்டுத் துடைப்பார். கிராம்பு மென்றுகொண்டே இருப்பார். அந்த வாடையும், ஆஸ்பத்திரியில் கை கழுவும் திரவத்தின் வாடையும் சேர்ந்து என் மகனின் நெற்றியில் தங்கிவிடும். நான் அவனை உள்ளே கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கழுவுவேன். கழுவும்போதே, பாசத்தில் செய்கிறவரை இப்படி நினைக்கலாமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். மறுநாளும் கழுவுவேன்.

என் மகன் நடக்கவே தாமதம். நடந்த பிறகும் அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டு இருக்கும். அக்கா அதைத் தட்டித் தட்டி, "பயில்வான் காலு" என்பார். பள்ளியில் சேர்த்த புதிதில், படியேறும்போது இவன் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டே வருகிறான் என்று மிஸ் என்னிடம் கேட்டார். தன் தங்கை மகளைக் கூப்பிட வந்திருந்த அக்கா பக்கத்தில் நின்றார். "ஷூ பெருசுங்க மிஸ். வளர்ற புள்ளன்னு ஒரு சைஸ் கூட வாங்கியிருக்குது" என்றார். ஷூ சரியான அளவுதான். ஆனால் அதைக் கேட்டதும் மனசு லேசாகிப் போனது. அளவு குறைத்து வேறு ஷூ வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். எனக்கு வேண்டிய பதிலை எனக்குமுன் கண்டுபிடித்துவிடுவார் என்பதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

ஒருநாள் அவரைக்காய் உரித்தபடி ஒரு கதை சொன்னார். வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்த வடநாட்டுப் பையன். சில வாரங்களுக்கு முன் உருக்கிய அலுமினியம் தெறித்து, தொடையிலும் முதுகிலும் வெந்து, வேறு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவன். இங்கே குடல்வால் வலியோடு வந்தான். உடனே ஆபரேஷன். அன்றைக்கு வந்திருந்த மயக்க டாக்டர், முதுகில் இருக்கும் தழும்பு எப்போது பட்டது என்று கேட்டிருக்கிறார். சமீபத்தியது என்றால் பெங்களூருக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்து, அது எப்போதோ பட்டது, ரெண்டு மூணு வருஷம் இருக்கும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

"தொண்டையில குழாய் வுடறதுக்கு முன்னாடி ஒரு ஊசி போடுவாங்க கண்ணு. ஒடம்பு மொத்தமும் அசையாம நின்னுபோவும். அந்த ஊசி வெந்த ஒடம்புக்கு ஆவாதாம். எனக்கென்னா தெரியும்? போட்ட கொஞ்ச நேரத்துல நெஞ்சு தாறுமாறா ஓடி நின்னே போச்சு. ஏறி ஏறி அமுக்கறாங்க. வெளிய அண்ணங்காரன் அழுவறான், உள்ள என்னா சத்தம்னு. வயித்துல கேஸ் ஏறிக்கிச்சு, எடுத்துட்டாங்கன்னேன். டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சான்."

கடைசிச் சொல்லில் லேசாகச் சிரித்தார். அந்த அண்ணனைச் சமாளித்ததுதான் அவருக்குக் கதை. நெஞ்சு மறுபடி ஓடியதாம், பையனை ஆம்புலன்சில் பெங்களூருக்கு ஏற்றினார்களாம். பிறகு என்ன ஆனான் என்று கேட்டேன். தெரியாது என்றார். உரித்த பருப்பில் ஒரு கைப்பிடி என் தட்டில் போட்டார். அதை நான் சமைக்கவில்லை. கீரைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உணவுப் பொருளை வீணாக்குவதில்லை என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆனாலும் அதை என் அடுப்பில் ஏற்ற முடியவில்லை.

என் மகனுக்குத் தொண்டையில் சதை வளர்ந்து, இராத்திரியில் குறட்டையும் மூச்சுத்திணறலுமாக இருந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் எடுத்துவிடலாம் என்றார். என் கணவரின் கம்பெனி இன்சூரன்சில் ஒப்புதல் வாங்கி, தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே தேதி குறித்துக் கொடுத்தார் அக்கா. என் அம்மா துணைக்கு வந்தார். வந்த அன்று, இவன் மொட்டைமாடிப் படி ஏறுவதை வாசலில் நின்று பார்த்தவர், "எந்தம்பி மாதிரியே ஏறுறாம்மா" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த மாமாவை எனக்குக் கட்டிலில் சாய்ந்திருந்த ஓர் உருவமாக மட்டும் நினைவிருக்கிறது. சின்ன வயதில் ஓடியாடியவர், பத்து வயதுக்குமேல் நடக்க முடியாமல் போய், மீசை அரும்பும் வயதில் இறந்துபோனார். எனக்கு வரன் பார்த்தபோது, அவர் மூளைக்காய்ச்சலில் போனார் என்று வீட்டில் சொன்னார்கள். அவரைச் சேலத்தில் பார்த்த டாக்டர், தசை கரையும் நோய், தாய் வழியில் ஆண் பிள்ளைக்கு வரும் என்று சொன்னதை அம்மா அன்று முதல்முறையாக என்னிடம் சொன்னார். குழாயடியில் அக்கா இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அன்று சாயங்காலமே என் சமையலறைக்குள் வந்துவிட்டார்.

"இத எங்கியும் தொறக்காத கண்ணு. மயக்க டாக்டர் காதுல வுழுந்தா பெங்களூருக்குத் தள்ளிடுவான். அப்ரூவல் போச்சுன்னா மறுபடி வாங்கறது லேசுல்ல. ஒம்மாமியாருக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்னு யோசி. கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்க வேணாம்."

அம்மா தலையாட்டினார். என் கணவர், நம்மைவிட அவங்களுக்குத் தெரியாதா என்றார். நான் வேதியியல் படித்தவள். படித்ததெல்லாம் ஒரு கூட்டத்தின் முன் எப்படி உதவாமல் போகிறது என்று அன்று பார்த்தேன். மாமாவின் நோய் வேறு, இவனுடையது வேறு என்று சொல்லிக்கொண்டேன். ஒருவேளை நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனோ என்றும் நினைத்தேன். எப்போதும் பயப்படுகிறவள் என்று பெயர் எடுத்தவள் ஆயிற்றே. ஆனால் காய் நறுக்கும்போதும், துணி மடிக்கும்போதும், வெந்த உடம்புக்கு ஆகாத அந்த ஊசி மனதுக்குள் வந்து நின்றது. வெந்த உடம்புக்கு ஆகாதது கரைகிற தசைக்கு ஆகுமா?

ஆபரேஷன் அன்று காலை, தியேட்டருக்கு முந்தைய அறையில், பச்சைத் துணி உடுத்திய என் மகன் என் மடியில் உட்கார்ந்திருந்தான். வார்ப்படக் கம்பெனிப் பையனுக்கு வந்தவர் இல்லை, இவர் வேறு மயக்க டாக்டர். அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர், அன்றைக்கே இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர். ஒரு கண் செல்போனில் இருக்க, அக்காவைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். காய்ச்சல், சளி?

"இல்லா சார்."

முன்னால் ஏதாவது ஆபரேஷன்?

"இல்லா சார்."

குடும்பத்தில் யாருக்காவது தசை நோய், மயக்க மருந்தால் பிரச்சினை?

"ஏனூ இல்லா சார்." அக்கா என் மகனின் தலைத்தொப்பிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

எனக்குக் கன்னடம் அரைகுறைதான். ஆனால் ஓசூரில் அந்த ஒரு சொல் புரியாதவர் கிடையாது. டாக்டர் எழுந்துவிட்டார். அடுத்து வந்த குரல் என்னுடையதுதான் என்று எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

"இருக்கு டாக்டர். என் மாமாவுக்கு இருந்துச்சு."

அக்கா சிரித்தார். "பயம் சார். மொதப் புள்ள பாருங்க" என்று அவரிடம் சொல்லியபடியே, பச்சைத் துணிக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கை ஈரமாக, சூடாக இருந்தது. தேரை மேலே விழுந்ததுபோல உதறினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முன்னும் பின்னுமாக, மாமாவின் கால்களையும் கட்டிலையும் சாவையும் சொன்னேன். டாக்டர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பையனைத் தரையில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொன்னார்.

தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் பார்த்தேன். குப்புறத் திரும்பினான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினான். பின்புறத்தை உயர்த்தி, ஒரு கையை முழங்காலில் வைத்து, மறு கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல நிமிர்ந்தான். நிமிர்ந்து, பரிசு வாங்கியவன்போல எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். டாக்டர் குனிந்து கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார்.

"பயில்வான் காலு சார்" என்றார் அக்கா.

"நீங்க வெளிய போங்க" என்றார் டாக்டர், தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில்.

பிறகு ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு, உடம்பை அசையாமல் நிறுத்தும் அந்த ஊசியை வழக்கமாகப் போடுவதில்லை. ஆனால் தொண்டை ஆபரேஷனில் சில நேரம் குரல்வளை திடீரென்று இறுகி மூச்சே போகாது. அப்போது யோசிக்க நேரமிருக்காது, கை அந்த ஊசிக்குத்தான் போகும். நல்ல தசையாக இருந்தால் சற்று நேரம் அசைவற்று இருந்து மீண்டுவிடும். இப்படிப்பட்ட தசையாக இருந்தால், அது உடைந்து, அதற்குள் இருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் இறங்கும். இதயம் நிற்கும். நின்றால் திருப்புவது மிகக் கடினம். ஏன் நின்றது என்று அங்கே இருப்பவர்களுக்குப் புரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சில மயக்க வாயுக்களும் இவனுக்கு ஆகாது, இன்றைக்கு நான் செய்ய மாட்டேன், முதலில் இரத்தப் பரிசோதனை என்றார். பொட்டாசியம் எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில் தெரியும். சுடரில் காட்டினால் இளம் ஊதா நிறம். அழகாக இருக்கும் என்று அன்று நினைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அப்ரூவல் போனதைச் சொன்னார், தன் பெயர் கெட்டதைச் சொன்னார். மகன் என் தோளில் கிடந்தான். பசிக்கிறது என்று முனகினான். நான் கேட்டேன், அந்த ஊசி உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, வார்ப்படக் கம்பெனிப் பையனைப் பற்றி நீங்கள்தானே சொன்னீர்கள் என்று.

"அவன்தான் பொழச்சிக்கினானே" என்றார் அக்கா.

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. பிழைத்தானா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று அன்றைக்கு என்னிடம் சொன்னவரும் அவர்தான். அந்த முகத்தில் பொய் சொல்கிற கள்ளம் எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, எதிரே நிற்கிறவர் வாயை மூடுவதற்கு எது போதுமோ அதை எடுத்துக் கொடுத்தார், பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல.

பரிசோதனை முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. மாமாவுக்கு இருந்ததே என் மகனுக்கும். அது என்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கு வேறு வார்த்தை இல்லை. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எல்லாம் தெரிந்துகொண்டு, அவன் உடம்புக்கு ஆகும் மருந்துகளைக் கொடுத்துத் தொண்டைச் சதையை எடுத்தார்கள். நல்லபடியாக வந்தான். குறட்டை நின்றது. இப்போது இராத்திரியில் அவன் மூச்சுக் கேட்கவில்லை என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

மாமியாருக்கு நாங்கள் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அக்கா சொல்லியிருந்தார். பெண் வீட்டில் மறைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், தாய் வழி ரத்தத்தில் வருவதாம் என்று, ஒன்றுவிடாமல். எனக்காக 'இல்லை' சொல்ல வந்தவர் அங்கே முழு உண்மையையும் சொல்லியிருக்கிறார். ஏன் அக்கா என்று கேட்டேன். "அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன்" என்றார். மாமியார் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பல மாதமாகிறது.

வீடு மாறலாம் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பள்ளியும் கம்பெனி பஸ் நிற்கும் இடமும் பக்கம், மாடிப்படி இல்லாத வீடு வேறெங்கும் அமையவில்லை. ஒருவேளை நான் அவரை அளவுக்குமேல் வெறுக்கிறேனோ என்றும் தோன்றும். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். பிறகு, வயிற்றில் கேஸ் என்று நம்பி டீ குடித்த அந்த அண்ணனை நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் கடைசி வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா தண்ணீர் பிடிக்க வந்தபோது, வாசலில் நான் மகனுக்குக் காலில் தாங்குபட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இராத்திரி மட்டும் போடுவது, அன்று அளவு பார்த்தேன். கால்ல என்னா தம்பி என்று அவர் அவனைக் கேட்டார்.

"வுழுந்துட்டாங்க. கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும்" என்றார் அக்கா, குழாயடியிலிருந்து.

"நான் வுழுவல" என்றான் என் மகன். பெங்களூர் டாக்டர் அவனிடம் மறைக்க வேண்டாம், கேட்டால் அவனுக்குப் புரிகிற அளவுக்குச் சொல்லுங்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். "எனக்குத் தசை கரையுது. எங்கம்மாவோட மாமாவுக்கும் கரைஞ்சுது."

என் கை அவன் வாயைப் பொத்தத் தானாக எழுந்தது. தாங்குபட்டையின் வாரைப் பிடித்து அதை அடக்கினேன். அந்த அம்மா, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவனையும் அக்காவையும் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"புள்ள என்னா பேச்சுப் பேசுது பாருங்க" என்று அக்கா சிரிக்கத் தொடங்கினார்.

"அவன் சொல்றதுதாங்க. ஆமா" என்றேன் நான்.